இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியவன்

மூன்று மணி பதினொரு நிமிடம்.
எதிர்வீட்டு ரொவீனாவின் கமரா சொல்லித்தான் தெரியும்.
நாங்கள் மேலே நல்ல நித்திரை.
குகதாசன் குறட்டை விட்டிருப்பார்,
வழக்கம்போல நான் அவரைத் தோளில் இடித்துத் திருப்பியிருப்பேன்,
கீழே மூன்று பேர் எங்கள் குசினிக்குள் நின்ற நேரத்தில்.

பின்கதவை நெம்பி வந்திருக்கிறார்கள்.
கதிரையில் கொழுவியிருந்த கைப்பை, அதற்குள் திறப்பு,
மடிகணினி,
ஆரணியின் பல்லுக்குக் கம்பி போட
மா டின்னுக்குள் சேர்த்த எண்ணூறு டொலர்.
(மா டின் யாருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தேன்.)
பிறகு கார்.

படியில் ஈரச் சப்பாத்துத் தடம்.
ஒன்று, இரண்டு, மூன்றாம் படிவரை.
நாலாம் படியில் இல்லை.
ஆரணியின் அறை பன்னிரண்டாம் படி ஏறியதும்.
மூன்றாம் படியைத் துடைக்க எனக்கு ஐந்து நாள் எடுத்தது.

வந்த பொலிஸ்காரன் சின்னப் பெடியன்,
சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டுவிட்டு வந்தான்.
எல்லாம் எழுதி முடித்துச் சொன்னான்:
அடுத்த முறை திறப்பை முன்வாசலிலேயே வையுங்கள்,
தேடிக்கொண்டு மேலே வரமாட்டார்கள்.
அடுத்த முறை.
வெற்றிலைத் தட்டமும் வைக்கட்டோ என்று
வாய்வரை வந்தது.
ஆங்கிலத்தில் அந்தப் பகிடி வேகாது.
தேங்க்யூ என்றேன்.

கமராப் படத்தில் முகம் இல்லை. பனி, தொப்பி, புகையாய் மூச்சு.
இரண்டு பேர் காருக்குள் ஏறுகிறார்கள்.
மூன்றாவது ஆள் பாதி வழியில் திரும்பி வந்து
எங்கள் முன்கதவைச் சாத்துகிறான்.
சத்தம் வராமல், பிடியைத் திருகி, மெதுவாய்.
அன்று வெளியே மைனஸ் பதினெட்டு.
வெளிக்கிடும்போது கதவைச் சாத்து என்று
யாரோ ஒருத்தி அவனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறாள்.
காரை விட்டுத்தள்ளலாம்.
அந்தக் கதவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆரணியின் பள்ளிப் பையில் ஒரு தேடுவில்லை இருந்தது,
பை பின்சீற்றில்.
அவள் போனில் ஒரு புள்ளி 401இல் கிழக்கே ஓடியது,
கிங்ஸ்டன், கோர்ன்வோல்,
மொன்றியல் துறைமுகத்தில் போய்ப் படுத்தது.
பொலிசுக்குச் சொன்னோம். அது வேறு மாகாணம் என்றார்கள்.
ஆஸ்பத்திரியில் ஆள் கிடப்பதுபோல
காலையில் கோப்பியோடு கேட்போம்: எப்படியாம்?
அப்படியேதான் அம்மா.
ஏழாம் நாள் புள்ளி இல்லை.
கடலுக்குப் போய்விட்டது என்றாள்
கணக்கில் மாட்டுப்பட்ட அவள் கொப்பியையும் சேர்த்து.

காப்புறுதிப் படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் பெறுமதி கேட்டார்கள்.
எழுதினேன். குறைத்துத்தான் எழுதினேன்,
ஏனென்று தெரியாது.

ஒன்று மட்டும் எனக்கு ஆறுதல்.
நான் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு.
இருக்கையை ஸ்டியரிங்கோடு ஒட்ட இழுத்துத்தான் வைத்திருப்பேன்.
அவசரத்தில் ஏறியவனுக்கு
முழங்கால் இரண்டும் நன்றாக இடிபட்டிருக்கும்.
தூஷணம் சொல்லியிருப்பான்.
இருட்டில் நெம்பைத் தடவித் தேடியிருப்பான்.
அந்த நாலு செக்கன் என்னுடையது.

புதுப் பூட்டு. புது விளக்கு. கதவுக்குப் பின்னால்
ரசக்குண்டானும் மேலே இரண்டு அகப்பையும்,
என் சொந்த அலாரம்.
ஒரு இரவு கீழே ஏதோ அசைந்தது.
சப்பாத்தி உருட்டும் கட்டையோடு இறங்கினேன்.
குசினி இருட்டில் ஓர் உருவம், கையில் ஹொக்கி மட்டை.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.
பிறகுதான் தெரிந்தது,
அவர் இப்படித் தினமும் இறங்கி நிற்கிறாராம்.
எனக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.
அடுப்பு மணிக்கூட்டில் 3:14.
தேத்தண்ணி போட்டேன். சீனி கூடிவிட்டது. குடித்தோம்.

இன்று காலை வேலைக்கு வாடகைக் கார்.
ஏறி இருந்தால் கால் பெடலுக்கு எட்டவில்லை.
நேற்று ஓட்டியது குகதாசன்தான், தெரியும்.
தெரிந்தும்
கண்ணாடியில் பின்சீற்றை ஒருக்கால் பார்த்தேன்.
பிறகு நெம்பை இழுத்து
முன்னுக்கு வந்தேன்.