இந்த மாதம் நான்கு மில்லிமீட்டர்

துவாஸில் எனக்கு வேலை.
கடலைத் தூர்த்த நிலம்
எவ்வளவு அமிழ்கிறது என்று
மாதம் ஒருமுறை அளந்து எழுதுவேன்.
அமிழும்.
அமிழத்தான் வேண்டும்.
மணலைக் குன்றாய்க் குவித்து
நாங்களேதான் அழுத்துகிறோம்,
அடிக்களிமண் தன் தண்ணீரைக் கக்கட்டும் என்று.
தொடக்க மாதங்களில் எண் அசையாமல் நின்றால்
ஹஸ்னி முகம் சுளிப்பார்:
"கருவி செத்துப்போச்சு, மாத்து."

ஞாயிறு பதினொன்றரை.
சீன ஆராதனை முடிந்து அவர்கள் வெளியேற
நாங்கள் உள்ளே போகிறோம்.
நாற்காலிகளில் இன்னும் அவர்கள் சூடு.

விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்து நிற்கையில்
சில வரிகளில் வாயை மூடிக்கொள்கிறேன்.
வாரத்துக்கு ஒன்று மாறும்.
ஏழு மாதமாய் மாறாதது ஒன்று:
உடல் எழும்பும் என்கிற வரி.

மண்டாயில் வாங்கினேன் தங்கையை,
அரிசிப் பையைவிட லேசாக.

பக்கத்தில் எடிசன் தேவபிரியம்.
கப்பல் பட்டறையில் கத்திக் கத்தி வளர்ந்த குரல்.
எனக்கும் சேர்த்து அதைச் சொல்லிவிடுகிறார்.
அவருக்குத் தெரியாது.
தெரிந்துமிருக்கலாம்,
அந்த இடத்தில் மட்டும் சத்தம் கூடுகிறது.

ஆண்டவரே, ஜெபம் என்று உட்கார்ந்தால்
உம்மோடு சண்டைதான்.
இல்லாத ஒருவரிடம்
ஏழு மாதம் யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா?
இது சாட்சி அல்ல,
சும்மா கேட்கிறேன்.

அடுத்த வாரம் வேதபாடம் வாசிக்கிறீர்களா என்று
போதகர் கைப்பேசியில் பகுதியை அனுப்பியிருந்தார்.
காற்றில் படகைவிட்டு இறங்கி
நாலடி நடந்த மீனவன்.
முழுகும்போது கத்தினானே,
கை கொடுத்துத் தூக்கியபின் திட்டும் வாங்கினானே, அது.

ரயிலில் ஜூரோங் தாண்டியும் யோசித்தேன்.
படகிலேயே உட்கார்ந்திருந்த பதினொரு பேர்
ஒரு மில்லிமீட்டரும் அமிழவில்லை.
அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.
அவர்கள் கையை யாரும் பிடிக்கவுமில்லை.

"சரி" என்று அனுப்பினேன்.
அனுப்பியதும் அழித்துவிட நினைத்தேன்.
அதற்குள் இரண்டு நீலக் கோடுகள்.

திங்கள். தகடு எண் பதினேழு.
ஹஸ்னி கோலைப் பிடிக்க நான் எண்ணைப் படித்தேன்.
நான்கு. எழுதிக்கொண்டேன்.
மழை பிடித்தது.
நின்ற இடம் முன்பு ஒன்பது பாகம் ஆழக் கடல்.
அதன்மேல் நின்றுகொண்டு
குடை எடுத்து வராததற்காக
அலுத்துக்கொண்டேன்.