அறுபத்தொன்று

திரையில் அறுபது பேர்.
வகுப்பில் எண்ணினால் அறுபத்தொன்று.
மூன்று முறை எண்ணிவிட்டேன். பியூலா டீச்சரும்
சாக்பீசால் தலை தொட்டுத் தொட்டு ஒருமுறை.
திரையில் இல்லாதவள் லோஷிகா,
நான்காம் வகுப்பு, ஜன்னலோரம்,
ஸ்கேலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

அறுபது வரை இரண்டு ஆசிரியர்.
அறுபத்தொன்று என்றால் மூன்று.
ஆகஸ்ட் ஒன்று காலையில்
திரையில் எந்த எண் நிற்கிறதோ
அதுதான் பள்ளிக்கூடம்.

ஒன்று, இரண்டு, மூன்று பியூலாவிடம்.
நான்கும் ஐந்தும் என்னிடம்,
கூடவே செருப்பு அளவு, உயரம், எடை,
இரத்த வகை, வங்கிக் கணக்கு, முட்டைக் கணக்கு.
எல்லாம் ஏற்றவேண்டும்.
சிக்னல் மொட்டைமாடியில்தான் கிடைக்கும்,
அதுவும் தண்ணீர்த் தொட்டியின் வடக்கு மூலையில்,
எண்ணூர்ப் புகைபோக்கிகளுக்கு முதுகு காட்டி நின்றால்.
நான் மேலே இருக்கும்போது
கீழே நான்கும் ஐந்தும்
ஒன்றுக்கொன்று பாடம் நடத்திக்கொள்ளும்.

கைகழுவும் இடம் உள்ளதா என்றது படிவம்.
உள்ளது.
குழாய் எத்தனை? ஆறு.
தண்ணீர் வருமா என்று அது கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பள்ளி மானியம் இருபத்தையாயிரம்
மார்ச் இருபத்தெட்டில் வந்தது,
முப்பத்தொன்றுக்குள் செலவழிக்கவும் என்ற குறிப்போடு.
மோட்டார்காரர் ஏப்ரலில்தான் வருவேன் என்றார்.
பெயின்ட் கடை திறந்திருந்தது.
அதனால்தான் எங்கள் சுவர் இவ்வளவு மஞ்சள்,
சாம்பல் படியாத இடங்களில்.

லோஷிகா போன வருடம் திருவொற்றியூரில்
ஒரு மெட்ரிக் பள்ளி.
ஃபீஸ் பாக்கி ஏழாயிரத்து இருநூறு.
கட்டும்வரை பெயரை விடமாட்டோம் என்றார்கள்.
ஆளை விட்டார்கள்.
ஜூன் முழுக்க அவள் இங்கே உட்கார்ந்திருந்தாள்,
பெயர் அங்கே உட்கார்ந்திருந்தது.
அம்மாவின் தோடு அடகுக்குப் போனபின்,
ஜூலை இருபத்தொன்பதில்,
பெயரை அவிழ்த்துவிட்டார்கள்.
இனி ஒரு ஓடிபி போதும்.

பதிவான எண் அப்பாவுடையது.
அப்பா தேசிங்கு காசிமேட்டில் விசைப்படகு ஏறி
ஒன்பது நாள்.
"அவுரு கடல்ல கீறாரு டீச்சர்,
கரையாண்ட வந்தாத்தான் போன் அடிக்கும்"
என்றாள் அம்மா, மீன்கூடையை இறக்காமலே.
எண்ணை மாற்றுங்களேன் என்றது உதவி மையம்.
மாற்றவும் ஓடிபி வேண்டும்.
அதே எண்ணுக்கு.

முப்பத்தொன்றாம் தேதி ஏழு முறை அனுப்பினேன்.
ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிட ஆயுள்.
தொட்டி மூலையில் நின்று பார்த்தால்
நிலக்கரிக் கப்பல்கள் தெரிந்தன.
அவற்றுக்கு அப்பால் எங்கோ
பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு போன்.
இரவு பன்னிரண்டுக்குத் திரை பூட்டிக்கொண்டது.

விடிகாலை நாலேகாலுக்கு அழைப்பு.
"லோஷிகா அப்பா பேசறேன் டீச்சர்.
பழவேற்காட்டாண்ட வந்துட்டோம், டவர் கெடச்சிது.
ஏழு நம்பர் வந்துகீது. எது ஓணும்?"
பின்னால் இன்ஜின் இரைச்சல்.
சொல்லியிருக்கலாம்.
"எல்லாத்தையும் சொல்லுங்க" என்றேன்.
ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி,
நான் எழுதுவதற்கு நேரம் விட்டுப் படித்தார்.
நாற்பத்திரண்டு இலக்கங்கள்.
கிழித்த ஜூலைத் தாளின் பின்பக்கம் நிறைந்தது.
"ஆச்சா டீச்சர்?"
"ஆச்சு."

காலையில் மாடியேறி வருகையை ஏற்றினேன்.
அறுபதுக்கு அறுபது.
நூறு சதவீதம் என்று பச்சை காட்டியது.

மதியம் முட்டையும் அறுபது.
ஜூனிலிருந்தே சமையல்கார அம்மா
ஒரு முட்டையை நூலால் இரண்டாக அறுக்கிறார்.
ஒரு பாதி லோஷிகாவுக்கு என்று நினைத்திருந்தேன்.
இல்லையாம்.
இரண்டு பாதியும் தினம் யார் யாருக்கு என்று
பிள்ளைகளே ஒரு முறை வைத்திருக்கிறார்கள்.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அறுபத்தொரு பெயர், பென்சிலில்.

இன்று ஜெபசீலனும் தமிழரசியும்.