பேரேட்டில் ஒரு வரி

லெமுவல் கிராஃப்டனின் கணக்கை
முப்பது வருஷம் எழுதியவன் நான்.
கரித்தண்டு, செப்புக்கம்பி,
காதுகேளாதோர் பள்ளிக்கு ஆறாயிரம் டாலர்,
மருத்துவமனைக்கு ஒரு மாடி.

ஈரி ஏரிக்கரையில் முதல் வில்விளக்கு எரிந்த இரவு
சேவல்கள் ஏமாந்து கூவின.
ரொட்டிக்கடைக்காரர் முணுமுணுத்தார்:
"இனி மாவில் புழு இருந்தால் தெரிந்துவிடும்."

தண்டுகள் ஒரே இரவில் தேய்ந்துவிடும்.
மாற்ற ஆள் ஏற வேண்டும்.
மார்ச் மாத உறைமழையில் ஏறியவன்
யாரோஸ்லாவ் ஹவெல்கா, வயது பதினேழு.
இறங்கவில்லை;
இறக்கினார்கள்.

அன்று முதல் மாதம் பன்னிரண்டு டாலர்
அவன் தாய் லுத்மிலாவுக்கு.
உறை பிரிபடாமல் திரும்பி வரும்.
பற்று வைப்பேன், அதையே வரவும் வைப்பேன்.
"நிறுத்திவிடலாமா ஐயா?"
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்று சிலை திறக்கிறார்கள்.
இருளை விரட்டியவராம்.
நான் பின்வரிசையில், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

லுத்மிலா வீட்டுக்குள் கம்பி நுழையவேயில்லை.
கடைசிவரை மண்ணெண்ணெய்ச் சிம்னிதான்.
பனிக்கால மாலைகளில்
வண்டியை அந்தத் தெரு வழியாக விடச் சொல்வார்.
மஞ்சள் சன்னல் தெரியும்வரை பேசமாட்டார்.
தெரிந்ததும்,
"எரிகிறது" என்பார்.

அதை எந்தப் பத்தியில் எழுதுவதென்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.