நாற்பத்தோராம் பக்கம்

பஞ்சிகாவத்தையில் மேல் மாடி.
பகலிலும் திரை இழுத்த அறை.
முதலாளியிடம் நான் கேட்டு வாங்கிய ஒரே சலுகை
சுவருக்குச் சாம்பல் பெயின்ட்.

செலஸ்டின் குரூஸ் வத்தளையிலிருந்து
பென் டிரைவில் மீன் கொண்டு வந்திருக்கிறார்.
நூற்றுப் பன்னிரண்டு படம், ஏற்றுமதிக் கட்டலொக்.
நாற்பத்தோராம் பக்கத்தில் நியோன் டெட்ரா:
விரல் நுனியளவு உடம்பு, விலாவில் நீலக் கோடு,
யாரோ வெல்டிங் வைத்துக்கொண்டே நீந்துவது போல.

"இதே நீலம் வரவேணும், தம்பி."

வராது.
திரைக்குள் விளக்கு இருக்கிறது, மிஸிஸ் குரூஸ்.
தாளுக்கு இல்லை. தாள் கடன்காரன்.
ஜன்னல் கொடுப்பதை வாங்கி
மை தின்றது போக
மிச்சத்தைத்தான் திருப்பித் தரும்.

அச்சுக்கு எட்டாத நிறமெல்லாம்
சாம்பலாகட்டும் என்று ஒரு பொத்தானை அழுத்துகிறேன்.
கோடு செத்துப்போகிறது.
சிவப்பில் பாதி போகிறது.
அடுத்த பக்கக் கப்பிக்கு வாலே இல்லை.

சும்மா மாற்றினால் மெஜந்தா எட்டிப் பார்க்கும்,
நீலம் நாவல்பழமாகும்.
மெஜந்தாவைப் பன்னிரண்டு இறக்கினேன்.
சியான் நூறு. அதற்கு மேல் ஏணி இல்லை.
பிறகு மீனை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தொட்டேன்:
செடியின் பச்சையைத் தணித்து
கறுப்பைக் கொஞ்சம் ஏற்றி
கோடு எரிய இருட்டுக் கொடுத்தேன்.
கொஞ்சம்தான். மொத்த மை முந்நூறு வீதம் தாண்டினால்
கீழேயிருந்து உவைஸ் படியேறி வந்து ஏசுவான்:
"மழை நாள். காயாது.
உன்ட மீன் அடுத்த தாளின்ட முதுகில ஒட்டும்."
போன வருஷம் ஒட்டியது.
ஒரு விலாங்கு, விலைப்பட்டியலின் மேல்.

புரூவ் வந்தது.
அவர் கண்ணாடியைப் போட்டு, ஜன்னல் திரையை விலக்கி
மழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
மருதானைப் பக்கம் ரயில் போய் முடியும்வரை பார்த்தார்.

"இருட்டில இதுகளும் வெளுத்துப்போகும், தெரியுமா?
பெட்டியில அடைச்சு, பிளேனில ஏத்தி...
பிராங்பேர்ட்டில திறக்கிறவன் ஒவ்வொரு முறையும் கோல் எடுப்பான்,
மேடம், கலர் இல்லாத மீன் அனுப்பிட்டீங்க எண்டு.
லைட்டைப் போட்டு அரை மணித்தியாலம் பொறுங்க எண்டுவன்."

ஓரத்தில் பென்சிலால் கையெழுத்து வைத்தார்.
குடையை எடுத்தார். கதவடியில் திரும்பினார்.

"ஆனா இது அந்த நீலமில்லை."

இல்லை, என்றேன்.
நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தேன்.
கப்பி.