எஞ்சின் மட்டும்

பங்கு பிரித்த பத்திரத்தில் பதினேழாம் வரி:
டாட்ஜ் காரின் உடம்பு காசிக்கு,
எஞ்சின் எனக்கு.

காசிக்கு அது போதும்.
கானாடுகாத்தானில் அவன் ஹோட்டல் வாசலில்
ரத்தச் சிவப்பில் நிற்கிறது.
வருகிறவர்கள் கதவில் சாய்ந்து படம் எடுக்கிறார்கள்.
பானெட்டைத் திறக்க விடமாட்டான்,
உள்ளே ஒன்றுமில்லை.

பள்ளத்தூருக்கு டிராக்டரில் வந்து இறங்கிய
இருநூற்றைம்பது கிலோத் துருவை
ஆறு பேர் தூக்கி வளவுக்குள் வைத்தார்கள்.
ஆறு பேரும் கேட்டார்கள்:
"ஆச்சி, இதை வச்சு என்ன செய்யப் போறீக?"

எட்டு சிலிண்டரில் மூன்று இறுகிக் கிடந்தன.
டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி
தினம் காப்பிக்குப் பிறகு
மரக்கட்டை வைத்து ஒரு தட்டு.
பத்தொன்பதாம் நாள் ஏழாவது பிஸ்டன் நகர்ந்தது,
ஒரு நெல் அளவு.
அன்று நான் சமைக்கவில்லை.

கழற்றியதையெல்லாம் எதில் போடுவது?
இரண்டாங்கட்டு அறையில் என் சீர்ச் சாமான் இருந்தது.
கல்யாணம் இரண்டரை வருஷம்.
பாத்திரம் திரும்பி வந்தது
எண்ணிக்கை குறையாமல், கையெழுத்தோடு.
எனாமல் தூக்குகளில் வால்வுகளை ஊறப்போட்டேன்.
பணியாரச் சட்டிகளில் டேப்பெட்டுகள், குழிக்கு ஒன்று;
ஏழும் ஏழும் பதினாலு,
மிச்சம் இரண்டு சந்தனக் கிண்ணத்தில்.
வெள்ளிக் குத்துவிளக்கை விற்றுத்தான்
பிஸ்டன் வரவழைத்தேன்.
சுங்கத்தில் கிடந்தது நாற்பத்தொரு நாள்.

செக்காலையில் லேத் போட்டிருக்கும் இருதயராஜ்
சிலிண்டரை முப்பது தௌ கூட்டிக் கடைந்தார்.
சுண்டுவிரல் நகத்தால் உள்சுவரைத் தடவி,
"உங்க வீட்டு முட்டைப்பூச்சு மாதிரி
வழவழன்னு இருந்தா ஆயில் நிக்காது.
கீறல் வேணும், குறுக்கும் மறுக்குமா" என்றார்.
பில்லில் அதையும் எழுதினார்:
கீறல், எண்ணூறு ரூபாய்.

பேரிங் மூடிக்கு எண்பத்தைந்து பவுண்டு முறுக்கு.
ரெஞ்சு 'டிக்' என்றதும் கையை எடுக்க வேண்டும்.
நான் இன்னும் கொஞ்சம் என்று இழுக்கிற ஆள்.
ஒரு போல்ட் முறிந்தது.
அதைத் தோண்டி எடுக்க நான்கு நாள்,
கட்டைவிரலில் மூன்று தையல்.

ரேடியேட்டருக்குப் பதில் ஒரு அண்டா,
வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி,
குளுக்கோஸ் பாட்டில் மாதிரி தலைக்கு மேல் பெட்ரோல்.
ஒன்று எட்டு நான்கு மூன்று
ஆறு ஐந்து ஏழு இரண்டு:
தீப்பிடிக்கும் வரிசை.
சாமி அறையிலும் இதைத்தான் முணுமுணுத்தேன்.
சாவியைத் திருப்பினேன்.

கார்புரேட்டர் வாயில் ஒரு முழத் தீ.
இருமல். வெடி.
புறாக்கள் மொத்தமும் ஓட்டுக்கு மேல்.
பக்கத்து வீட்டு உமையாள்
ஒரு வாளி மணலோடு ஓடிவந்து,
எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும்
மணலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

டிஸ்ட்ரிப்யூட்டர் அரைச் சுற்று தப்பி உட்கார்ந்திருந்தது.
வரிசை சரி, இடைவெளி சரி, ஒயர் எல்லாம் சரி;
பொறி விழுகிற நேரத்தில் மட்டும்
வால்வு திறந்திருக்கிறது.
அந்த இரண்டரை வருஷம்
ஒரு நிமிஷம் வந்து போனது.
பிறகு போல்ட்டைத் தளர்த்தி,
தூக்கி, திருப்பி, இறக்கினேன்.

இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது.
அண்டாத் தண்ணீர் நடுங்கியது.
தரைக்கல் வழியாக உள்ளங்காலில் ஏறி
பல்லில் வந்து நின்றது.
உமையாள் ஏதோ கத்துகிறாள், வாய் மட்டும் அசைகிறது.
ஏழு நிமிஷம். ஆயில் பிரஷர் நாற்பத்தைந்து.

ராத்திரி காசி போன் பண்ணினான்.
"கேள்விப்பட்டேன் ஆச்சி. நம்ம கார் அடியில
ஸ்பீக்கர் வைக்கலாம்னு இருக்கேன்.
அந்தச் சத்தத்தைப் பதிஞ்சு அனுப்புங்க,
ஒரு நிமிஷம் போதும்."

தூணில் சாய்த்து வைத்த போனில்
இரண்டு தடவையும் பதிவாகி இருந்தது.
முதல் தடவையை அனுப்பினேன்:
இருமல், வெடி, புறா,
கடைசியில் "மணலு, மணலு" என்று உமையாள்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.
இடது பக்க வால்வு மூடியில் ஆயில் கசிகிறது.
கீழே ஒரு தாம்பாளம் வைத்திருக்கிறேன்.
நாளைக்கு கார்க் கேஸ்கெட் வெட்ட வேண்டும்.