காரணம், இருநூறு எழுத்துக்குள்

யூனியன் பிளேசில் பதினோராம் மாடி.
கீழே பேர வாவி மழையில் பச்சையாய்க் கொதிக்கிறது.
நாற்பத்தொரு கணக்குகளுக்கும் சேர்த்து
ஒரே விதி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சின்ன விதி. பன்னிரண்டு வரி.
எந்தச் சேர்வரும், எந்தக் களஞ்சியமும்,
யாரும் தொடாமல் கிடக்கும் வட்டுக்கூட
தன்மேல் உரிமையாளர் பெயரை ஒட்டியிருக்க வேண்டும்.
ஒட்டாதது இணங்காதது.
இணங்காதது நள்ளிரவில் நிறுத்தப்படும்.

முன்பென்றால் கணக்குக் கணக்காய்ப் போய்ச்
சொல்லிவிட்டு வரவேண்டும்.
இப்போது ஏ.பி.ஐ.க்கு ஓர் அழைப்பு.
தலைமைக் கணக்கிலிருந்து போனால்
சிங்கப்பூரில் ஓடுவதும் மும்பையில் ஓடுவதும்
ஒரே மூச்சில் கேட்டுக்கொள்ளும்.
கீழே உள்ளவர்கள் விதியைப் பார்க்கலாம்,
திருத்த முடியாது.
இதை ஒரு வசதி என்று
போன வாரக் கூட்டத்தில் நான்தான் விளக்கினேன்.

முதல் அழைப்பு திரும்பி வந்தது: அனுமதி இல்லை.
பிழையான கணக்கில் நின்றுகொண்டு
உத்தரவு போட்டிருக்கிறேன்.
இரண்டாவது போயிற்று.

பிளேன்டீ ஆறுவதற்குள் பட்டியல் வரத் தொடங்கியது.
சிவப்பு, சிவப்பு, பச்சை, சிவப்பு.
அறுநூற்றுப் பதின்மூன்று பெயரில்லாதவை.
பாதிக்குமேல் குப்பை, பரிசோதித்து மறந்தவை.
நடுவில் ஒன்று:
நிஸ்தார்-தற்காலிகம்-2.

நிஸ்தார் பெற்றோல் வரிசைக் காலத்தில்
பேர்த்துக்குப் போனவன்.
கடைசி நாள் மேசையைத் துடைத்துவிட்டு
எல்லோருக்கும் வட்டிலாப்பம் தந்தான்.
இதைப்பற்றி மூச்சும் விடவில்லை.
திறந்து பார்த்தேன்.
ஒவ்வொரு விடியலிலும் நாலு மணிக்கு
சிறுநீரக நோயாளர் நூற்றெண்பது பேருக்கு
இன்று உங்கள் முறை, புத்தகத்தோடு வாருங்கள் என்று
மூன்று மொழியில் செய்தி அனுப்புகிறது.
நான்கு வருடமாகத் தற்காலிகம்.

சமோத்யா எழுதுகிறாள்:
விலக்குக் கொடு, ஆனால் காரணம் வேண்டும்.
காலாவதித் திகதியும்.
முப்பது நாளுக்குமேல் ஏற்காது.
ஏற்காதபடி எழுதியதும் நான்தான்.

காரணம்.
வெற்றுக் கட்டம், இருநூறு எழுத்து.

இரண்டாயிரத்து ஏழு, வெள்ளவத்தை.
ரயில் போனால் அலமாரிக் கண்ணாடி நடுங்கும் லொட்ஜ்.
எனக்குப் பத்து வயது.
பொலிஸ் பதிவுத் தாளை முழங்காலில் வைத்து
அப்பா நிரப்பினார்.
பெயர். அடையாள அட்டை இலக்கம். நிரந்தர முகவரி.
கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்:
நான்கு புள்ளிக்கோடு விட்டிருந்தார்கள்.
அப்பா எழுதினார்: கண்.
அதற்குமேல் அவருக்குக் கோடு தெரியவில்லை.

யாரோ மொழிபெயர்த்துச் சொன்னதும்
மேசைக்குப் பின்னால் இருந்தவன் கேட்டான்:
கண் என்றால்?
அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.
அடுத்தவரைக் கூப்பிடும்வரை
கழற்றியபடியே நின்றார்.

ஒப்பிடக்கூடாது.
சேர்வருக்குக் கழற்றிக் காட்ட ஒன்றுமில்லை.
விதியும் வேண்டியதுதான்:
போன மாதம் யாருடையதென்றே தெரியாத களஞ்சியமொன்று
ஆயிரம் பேரின் அடையாள அட்டைப் பிரதிகளை
திறந்த வாசலில் பரப்பி வைத்திருந்தது.
அன்றிரவு நான் தூங்கவில்லை.

கட்டத்தில் எழுதினேன்:
நாலு மணிக்கு நூற்றெண்பது பேர்
இதைப் பார்த்துத்தான் எழும்புகிறார்கள்.
வாசித்தேன். அழித்தேன்.
விலக்கு வேண்டாம்.
உரிமையாளர் என்ற இடத்தில்
அருமைத்துரை நிரூபிகா
என்று அடித்தேன், அப்பா பெயரைச் சுருக்காமல்.
இனி அது சறுக்கினால்
விடிய நாலு மணிக்கு என் தொலைபேசிதான் அலறும்.

சிவப்பு கொஞ்சம் யோசித்துப் பச்சையாயிற்று.
எல, என்றாள் சமோத்யா.

மிச்சம் அறுநூற்றுப் பன்னிரண்டு.
நள்ளிரவுக்கு ஐந்து மணித்தியாலம்.
முடியாது, தெரியும்.
அடுத்ததைத் திறந்தேன்.