வீட்டுக்கான ரெண்டு வரிசை

கோத்தகிரி உரக்கடையில்
கணக்கெழுதுகிறவள் நான்.
என் நாற்காலிக்குப் பின்னால் மூன்றாம் தட்டில்
எலிக்கட்டி, நீலத்திலும் பச்சையிலும்.
பிள்ளைகள் சோப்பென்று எடுத்துவிடாத உயரம்.

வீட்டில் ரெண்டு எலி வளர்க்கிறேன்.
கடையில் இதைச் சொன்னதில்லை.

சீசன் முடிந்து இறங்கிப் போனவர்கள்
பக்கத்து காட்டேஜ் வாசலில்
கூண்டோடு விட்டுப் போனவை.
தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் இடம்.
ஒன்றுக்குப் பாதிக் காது இல்லை,
அதனால் ஒண்ணரை.
மற்றது வெறும் வெள்ளை.
எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை,
விட்டுவிட்டேன்.

கூடவே ஒரு டப்பா தீனி.
சிவப்பு மஞ்சள் உருண்டைகள்,
மூடியில் சிரிக்கிற எலி.
சிவப்பைத் தின்றுவிட்டு
மஞ்சள்மேல் படுத்துத் தூங்கின.
முகர்ந்து பார்த்தேன்:
பழைய பிஸ்கட் டின்னின் அடி.

எலியால் வாந்தியெடுக்க முடியாது.
குன்னூர் ஓட்டலில் நடந்த கூட்டத்தில்
கம்பெனிக்காரர் திரையில் படம் போட்டுச் சொன்னார்.
அதனாலதான் அது புதுசா எதையும்
ஒரு கடி கடிச்சிட்டுக் காத்திருக்கும்.
அதனாலதான் நம்ம சரக்கு
நாலு நாள் கழிச்சு வேலை செய்யும்.
எல்லோரும் தலையாட்டினோம்.
பிறகு பிரியாணி.

அன்றிலிருந்து எதை வாங்கினாலும்
உள்ளே போனால் திரும்பி வராது
என்கிற நினைப்பு.
சாமை சரி. கேழ்வரகு சரி.
பீன்ஸ் வெந்தால் மட்டும்.
பச்சை ஓடிய உருளைக்கிழங்கு ஆகாது.
பட்டர் ஃப்ரூட்டில் தோல் தள்ளி, கொட்டை தள்ளி,
சதை நகக்கண் அளவு.
தவிட்டுப்பழம் கிடைத்த அன்று
ரெண்டும் ஊதா மீசையோடு அலைந்தன.
மேராக்காயை ஒண்ணரை
மெனக்கெட்டு இழுத்துப்போய்
மூத்திர மூலையில் வைத்தது.
அதுவும் ஒரு பதில்தானே.

கேரட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.
யார் எந்தத் தோட்டத்துக்கு
எந்த மருந்தை என்றைக்கு வாங்கினார் என்பது
என் கையெழுத்திலேயே இருக்கிறது.
மெஷினில் கழுவி வந்த கேரட்
சந்தையில் பளபளவென்று கிடக்கும்.
குவியல் குவியலாக எனக்குத் தெரிவது
பில் நம்பர்.

போஜண்ணனிடம் கேட்டேன்,
மருந்து படாதது கிடைக்குமா என்று.
கடைக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.
‘வீட்டுக்குன்னு ரெண்டு வரிசை இருக்கு.
மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி.’

செவ்வாய்க்கிழமை வந்தார்,
தழையும் செம்மண்ணுமாக ஒரு வயர்கூடை.
அப்படியே எலிக்கட்டியும் ஒரு பாக்கெட் கேட்டார்.
எட்டி எடுத்தேன்.
‘கேரட் பிள்ளைக்கா?’
ஏனோ பொய் வரவில்லை.
‘எலிக்கு’ என்றேன்.

அவர் கூடையை நீட்டியபடி,
நான் பாக்கெட்டை நீட்டியபடி.
வெளியே மேட்டுப்பாளையம் பஸ்
ஹாரன் அடித்து ஓய்ந்தது.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
கூடையின் அடியில் துழாவி
ஒன்றை எடுத்துக் காட்டினார்.
தோளில் ரெண்டு பல் தடம்.
‘ஒதுக்கிப் போட்டிருந்தேன், இதையும் வச்சுக்கோ.
அந்தப் பக்கம் ஒரு ஏக்கர் கெடக்கு,
தொடறதில்ல.
தேடி வந்து இந்த ரெண்டு வரிசையத்தான்
கடிக்குது, மூதேவி.’

பாக்கெட் அறுபது ரூபாய்.
பில் போட்டேன்.
கேரட்டுக்கு அவர் காசு வாங்கவில்லை.

இரவு அந்தப் பல் தடத்தைச் சுற்றி
ஆழமாக வெட்டி எறிந்தேன்.
தோட்டத்து எலியின் நோய்
கூண்டுக்குள் வந்துவிடக் கூடாது.
மிச்சத்தை நீளவாக்கில் அரிந்து கொடுத்தேன்.
ஒண்ணரை ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு
ஒரே ஒரு கடி.
நிறுத்தியது.
அது காத்திருந்த நேரம் முழுக்க
நானும் கூண்டுப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

பிறகு கறுக், கறுக்.

சனிக்கிழமையோடு நாலு நாள்.